கை தளரும் காலத்துக்கு ஒரு கையெழுத்து

வங்கியில் கணக்குத் தொடங்கும்போது நிரப்பும் படிவத்தில் ‘நியமனதாரர்’ என்றொரு பகுதி உண்டு. மக்கள் வழக்கில் அவரே ‘நாமினி’. கணக்குக்கு உரியவர் காலமான பின், கணக்கிலுள்ள தொகையை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் தகுதி அவருக்கு உண்டு. முன்பெல்லாம் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டுப் போகிறவர்களை மீண்டும் அழைத்து, அதன் தேவையை எடுத்துச் சொல்லி நிரப்ப வைப்பது எங்களுக்கு ஒரு தனி வேலையாகவே இருந்தது. இப்போது விழிப்புணர்வு வளர்ந்திருக்கிறது, சட்டமும் வளர்ந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் வங்கிச் சட்டங்கள் திருத்தச் சட்டத்தின் பயனாக, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். நால்வருக்கும் இன்ன விழுக்காடு என்று பங்கிட்டும் எழுதலாம். ஒருவருக்குப் பின் மற்றவர் என்று வரிசைப்படுத்தியும் எழுதலாம். பாதுகாப்புப் பெட்டகத்திற்கு மட்டும் வரிசை முறையே பொருந்தும்.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயினும் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தருகிறது: நமக்குப் பின் யார்? அதற்கு முன்பே எழக்கூடிய இன்னொரு கேள்வியைப் படிவம் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை. உயிர் இருக்கிறது, கை அசையவில்லை. அல்லது கை அசைகிறது, நினைவு தவறிவிட்டது. பக்கவாதம், விபத்து, முதுமை மறதி நோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த நிலை சில நாள்களில் நீங்கலாம். பல ஆண்டுகள் நீடிக்கவும் செய்யலாம். அக்காலத்தில் நம் பணத்தையும் மருத்துவத்தையும் பற்றி நமக்காக முடிவெடுப்பவர் யார்? இதற்கான விடையை நாம் நலமாக இருக்கும்போதே எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்பதும், அப்படி எழுதிவைக்க நம் சட்டம் இன்னும் அகலமான வழி திறக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

எழுதப்படாத நியமனங்கள்

‘எங்கள் குடும்பத்தில் இதற்கெல்லாம் தேவையே எழாது’ என்று சொல்வோர் உண்டு. உண்மையில் அவர்களும் ஒருவரை ஏற்கெனவே நியமித்திருப்பவர்களே. பணம் எடுக்கும் அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் மகனிடம் கொடுத்து வைத்திருக்கும் தந்தை, அவனை நியமித்திருக்கிறார். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகள் நான்கைந்தைப் பீரோவில் வைத்து, ‘அவசரத்துக்கு உதவும்’ என்று மனைவியிடம் சொல்லியிருப்பவர், அவரை நியமித்திருக்கிறார். தம் கைப்பேசியையும் அதில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் பக்கத்து வீட்டு இளைஞரை நம்பி ஒப்படைக்கும் தனித்து வாழும் மூதாட்டியும் அப்படியே.

இந்த நியமனங்களில் நம்பிக்கை இருக்கிறது. வரம்பு இல்லை, கணக்கு இல்லை, சான்றும் இல்லை. வெற்றுக் காசோலையில் எந்தத் தொகையையும் எழுதலாம். இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொண்டபின் பணம் போனால், அது வாடிக்கையாளரின் கவனக்குறைவாகவே பெரும்பாலும் கருதப்படும். நல்ல மனத்துடன் தந்தையின் கணக்கிலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் எடுத்த மகன்கூட, பின்னாளில் உடன்பிறந்தோர் கேள்வி கேட்கும்போது, ‘அப்பா சொல்லித்தான் எடுத்தேன்’ என்பதை மெய்ப்பிக்க வழியின்றி நிற்பான். எழுதாமல் கொடுத்த அதிகாரம் அதைக் கொடுத்தவருக்கும் காப்பில்லை, பெற்றுக்கொண்டவருக்கும் காப்பில்லை.

கூட்டுக் கணக்கு எதுவரை துணைவரும்?

கணவன் மனைவி இருவர் பெயரிலும் கணக்கு இருந்தால் போதும் என்பது பரவலான எண்ணம். பாதி உண்மை அது. கூட்டுக் கணக்கில் பல வகைகள் உள்ளன. ‘எவரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் தொடங்கப்பட்ட சேமிப்புக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம். ‘முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்றால், முதலாமவர் இருக்கும்வரை அவர் மட்டுமே இயக்கலாம். மற்றவர் பெயர் கணக்கில் இருந்தாலும் அவரால் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. ‘இருவரும் சேர்ந்து’ என்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். தம் கணக்கு எந்த முறையில் உள்ளது என்பதே தெரியாத தம்பதியர் பலரை நாங்கள் காண்கிறோம்.

நிரந்தர வைப்பில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ‘எவரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் உள்ள வைப்பின் முதிர்வுத் தொகையை ஒருவர் கையெழுத்திலேயே பெறலாம். ஆனால் முதிர்வு நாளுக்கு முன்பாகவே எடுக்க வேண்டுமானால், இருவரும் உயிருடன் இருக்கும்வரை இருவர் கையெழுத்தும் தேவைப்படும். அவசரம் முதிர்வு நாள் பார்த்து வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கிளை ஒன்றுக்கு வந்த அம்மையார் ஒருவரின் நிலை இதற்குச் சான்று. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருடைய கணவர் பக்கவாதத்தால் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் இருவர் பெயரிலும் ஒரே பெரிய நிரந்தர வைப்பாக இருந்தது. முதிர்வுக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது. சேமிப்புக் கணக்கில் சில ஆயிரங்களே மிச்சம். வைப்பை முறிக்கவும் கணவர் கையெழுத்து வேண்டும். அதன்மேல் கடன் பெறவும் வேண்டும். தம் சொந்தப் பணம் வங்கியில் இருக்க, அந்த அம்மையார் கழுத்தில் இருந்ததை அடகு வைத்துத்தான் மருத்துவமனைக்குக் கட்டினார். விதியை மீறியவர் எவருமில்லை. அவர் கணவரும் கவனமற்றவர் அல்லர். நியமனதாரர் பெயரை முறையாக எழுதியிருந்தார். இறப்புக்கு ஏற்பாடு இருந்தது, நோய்க்கு இல்லை.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் வழி எளியது. சேமிப்பு முழுவதையும் ஒரே வைப்பாக வைக்காமல் சிறு சிறு தொகைகளாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி வைக்கலாம். ஆறு மாதக் குடும்பச் செலவுக்குரிய தொகையை இருவரில் எவரும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் வைக்கலாம். மனைவி பெயரில் தனியாக ஒரு வைப்பு இருப்பதும் நல்லது. இருப்பினும் கூட்டுக் கணக்கு முழுத் தீர்வாகாது. கூட்டுதாரர்களுள் ஒருவர் மனநிலையை இழந்துவிட்டார் என்பது வங்கிக்குத் தெரியவரும்போது, அவருடைய நலன் கருதிக் கணக்கின் செயல்பாட்டை நிறுத்திவைக்க வேண்டிய நிலையும் வரலாம். மேலும் கூட்டுதாரராகச் சேர்ப்பது என்பது, உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வது மட்டுமன்று. கணக்கில் பங்காளியாக்குவதும் ஆகும். உதவி மட்டுமே தேவைப்படும் இடத்தில் அதைவிடப் பொருத்தமான ஏற்பாடுகள் உண்டு.

உடல் மட்டும் தளர்ந்திருந்தால்

மனம் தெளிவாக இருந்து, உடல் மட்டும் ஒத்துழைக்காத வாடிக்கையாளருக்கு வங்கி விதிகளில் போதிய இடம் இருக்கிறது. கையெழுத்திட இயலாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். அதுவும் இயலாதவர் ஏதேனும் ஓர் அடையாளம் இடலாம். வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் அதனை உறுதிப்படுத்த வேண்டும். அவர்களுள் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அதிகாரியாக இருக்க வேண்டும். பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் வாடிக்கையாளர் குறிப்பிடலாம். 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அடிப்படை வங்கிச் சேவைகளை வீட்டுக்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. கிளைக்கு வர இயலாத பெற்றோரை ஆட்டோவில் தூக்கிவந்து வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. முதலில் கிளை மேலாளரிடம் பேசுங்கள்.

வெளியூரில் அல்லது வெளிநாட்டில் நெடுநாள் தங்குவோரும், கணக்கைத் தாமே கவனிக்க இயலாதோரும், இன்னார் என் கணக்கை இயக்கலாம் என்று வங்கிக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். எந்தக் கணக்கு, எந்த வேலை என்று அதில் வரையறுக்கவும் செய்யலாம். வெற்றுக் காசோலை செய்யும் வேலையை இந்தக் கடிதம் ஒழுங்காகவும் பாதுகாப்பாகவும் செய்யும்.

பவர் பத்திரத்தின் எல்லை

இதைவிட விரிவான ஏற்பாடு, ‘பவர்’ என்று எல்லோரும் சொல்லும் அதிகாரப் பத்திரம். 1882-ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டம் இதற்குரியது. ஒரு குறிப்பிட்ட வேலைக்கென எழுதுவது சிறப்பு அதிகாரப் பத்திரம். பல வேலைகளுக்கும் சேர்த்து எழுதுவது பொது அதிகாரப் பத்திரம். வங்கிக் கணக்கு, வாடகை வசூல், வரி செலுத்தல், வழக்கு நடத்தல் என்று எவற்றுக்கு அதிகாரம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். சொல்லாத அதிகாரத்தை வங்கி ஊகித்துக்கொள்ளாது. பத்திரம் எழுதியவுடன் அதன் மூலத்தை வங்கியில் காட்டிப் பதிவு செய்துவிட வேண்டும். மருத்துவமனையிலிருந்து ஓடிவந்து முதன்முறையாக நீட்டினால், சரிபார்க்கவே நேரம் போய்விடும்.

ஆயினும் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும், சித்த சுவாதீனத்தை இழந்தாலும், கொடுத்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடும். வங்கிக்குத் தரும் அதிகாரக் கடிதத்தின் கதியும் இதுவே. அதாவது, கொடுத்தவர் நலமாக இருக்கும்வரை பவர் பத்திரம் செல்லும். மறதி நோய் முற்றிய பின், அந்தப் பத்திரம் எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாளில், அது செல்லாது. மழைக்கு என்று வாங்கிய குடை மழை வந்ததும் மடங்கிக்கொள்வது போன்றது இது.

அப்படியானால் நினைவிழந்தவரின் குடும்பம் எங்கே செல்வது? நீதிமன்றத்துக்குத்தான். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் சிறார்க்கு உரியது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்கிறது. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் மனநோயுற்றோரின் சொத்தைப் பராமரிக்க ஏற்பாடு இருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பகுதி இடம்பெறவில்லை. ஆகவே கோமா நிலையில் உள்ளோரின் குடும்பத்தார் உயர் நீதிமன்றங்களை நாடுகிறார்கள். 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இத்தகையோருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் நெறிமுறைகளை வகுத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமா நிலையில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக ஏற்று, கணவர் பெயரிலிருந்த சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது. அதில் 50 இலட்ச ரூபாயைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பாக வைக்கவும் ஆணையிட்டது. நீதிமன்றங்களின் பரிவு போற்றத்தக்கது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் வழக்கறிஞரை அமர்த்தி உயர் நீதிமன்றம் சென்றுதான் மருத்துவச் செலவுக்கு வழிதேட வேண்டுமா?

இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமும், சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் அதே பெயருடைய சட்டமும் ‘நீடித்த அதிகாரப் பத்திரம்’ என்ற ஏற்பாட்டைத் தந்துள்ளன. எழுதியவர் மனத்திறனை இழந்த பின்னும் செல்லத்தக்க பத்திரம் அது. தெளிவான மனத்துடன் இருக்கும்போது, தகுந்த சாட்சிகள் முன், நமக்குரியவரை நாமே தெரிவு செய்துவிடலாம். நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டும். அதற்கான அறிகுறிகள் தென்படாமலில்லை. உடல் இயலாமையுற்ற முதலீட்டாளர் தம் நியமனதாரர்களுள் ஒருவருக்குக் கணக்கை இயக்கும் அதிகாரத்தை, எவ்வளவு தொகை வரை என்ற வரம்புடன் அளிப்பதற்கு செபி 2025-இல் வெளியிட்ட சுற்றறிக்கை வழிவகுத்தது. அங்கும் முதலீட்டாளர் ஒப்பந்தம் செய்யும் மனத்தகுதியுடன் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அந்த எல்லையைக் கடக்கும் துணிவைச் சட்டமன்றங்கள் பெற வேண்டும்.

அதுவரை, சொத்து மிகுந்தவர்களும், தம்மைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் உடையவர்களும், 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் தனியார் அறக்கட்டளை அமைப்பது பற்றி வழக்கறிஞரிடம் கேட்கலாம். அறங்காவலரின் பொறுப்பு, அமைத்தவர் நினைவிழப்பதால் முடிந்துவிடுவதில்லை. செலவும் பராமரிப்பும் உள்ள ஏற்பாடு என்பதால் எல்லோருக்கும் இது தேவைப்படாது.

மருத்துவ முடிவுக்கும் ஒருவர்

பணத்தைவிடக் கடினமான முடிவு மருத்துவமனையில் எடுக்கப்படுவது. குணமடையும் நம்பிக்கை முற்றிலும் அற்றுப்போன நிலையில் செயற்கைக் கருவிகளைத் தொடர்வதா, வேண்டாமா? பெற்ற பிள்ளைகள் அந்தக் கேள்வியின் முன் நின்று ஆளுக்கொரு திசையில் இழுப்பதும், எந்த முடிவெடுத்தாலும் ஆயுள் முழுதும் குற்றவுணர்வைச் சுமப்பதும் நாம் கண்டதே.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறக்கும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் எழுதிவைப்பதை ஏற்றது. அன்று வகுத்த நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிமையாக்கியது. இப்போது நீதித்துறை நடுவரின் ஒப்பம் தேவையில்லை. வயது வந்த, மனத்தெளிவுள்ள எவரும் இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். தம்மால் பேச இயலாதபோது தம் சார்பில் முடிவு சொல்லவேண்டிய பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினர் பெயரை, ஒன்றுக்கு மேற்பட்டும், அதில் குறிப்பிடலாம். மருத்துவர் குழுக்களின் ஆய்வுக்குப் பின்னரே அந்த அறிவுறுத்தல் செயலுக்கு வரும். மனம் மாறினால் எழுதியவர் அதைத் திரும்பப் பெறலாம். மனநோய்க்கான சிகிச்சைக்கு மட்டும், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முன்கூட்டிய அறிவுறுத்தலுக்கும் நியமனப் பிரதிநிதிக்கும் தனியே வகைசெய்திருக்கிறது.

இப்படி எழுதிவைப்பது சிகிச்சையை மறுப்பதற்கே என்று நினைக்க வேண்டாம். எது வேண்டும் என்பதையும் எழுதலாம். பிள்ளைகளின் தோளிலிருந்து ஒரு பெரும் பாரத்தை இறக்கிவைப்பதே இதன் முதற்பயன்.

யாரை நியமிப்பது?

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரமும் ‘தெரிந்து வினையாடல்’ என்ற அதிகாரமும் அடுத்தடுத்து உள்ளன. ஒருவரை ஆராய்ந்து நம்புவது முதற்படி. நம்பியவர்களுள் எவருக்கு எந்த வேலை பொருந்தும் என்று அறிந்து ஒப்படைப்பது அடுத்த படி. நம் குடும்பங்களில் இவ்விரண்டும் நடப்பதில்லை. மூத்த மகன் என்பதாலேயே அவனிடம் பொறுப்பு செல்கிறது. அவன் நல்லவனாக இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் இருப்பவனால் மதுரை மருத்துவமனையில் நள்ளிரவில் கையெழுத்திட இயலாது. கணக்கு வழக்கில் தேர்ந்த மகள் அதே ஊரில் இருந்தும், ‘இன்னொரு வீட்டுக்குப் போனவள்’ என்று ஒதுக்கப்படுகிறாள். மனைவியிடம் கேட்கவே கேட்பதில்லை.

தெரிவு செய்யும்போது சிலவற்றைப் பார்க்க வேண்டும். அழைத்தால் வரக்கூடிய தொலைவில் இருக்கிறாரா? காகிதங்களைப் பொறுமையாகப் படிப்பவரா? தம் சொந்தக் கடனில் மூழ்கியிருப்பவர் அல்லவே? உறவினர் நெருக்கினாலும் நம் விருப்பத்தை உறுதியாகச் சொல்வாரா? இவை அனைத்தும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. பணத்துக்கு ஒருவரையும் மருத்துவத்துக்கு இன்னொருவரையும் நியமிக்கலாம். நம் வயதையொத்தவரை மட்டும் நம்பியிராமல் மாற்றாக ஓர் இளையவரையும் குறிப்பது நலம். மணமாகாதோரும் பிள்ளைகள் இல்லாதோரும் இதில் இன்னும் முனைப்பாக இருக்க வேண்டும். அதிகாரப் பத்திரம் பெறுபவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. நெடுநாள் நண்பர் போதும். எவராயினும், முதலில் அவரிடம் கேட்டு இசைவு பெறுவதே முறை.

எழும் தயக்கங்கள்

‘அமங்கலப் பேச்சு’ என்று சிலர் தவிர்ப்பர். ஆயுள் காப்பீடு அறிமுகமான காலத்தில் அதைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். இன்று அது இல்லாத குடும்பத்தைப் பொறுப்பற்றதாகக் கருதுகிறோம். ‘எழுத்தில் கேட்டால் பிள்ளைகளைச் சந்தேகிப்பது போலாகும்’ என்பது மற்றொரு தயக்கம். நேர்மையான பிள்ளைக்கு எழுத்தே பாதுகாப்பு என்பதை மேலே பார்த்தோம்.

மூன்றாவது தயக்கம் நியாயமானது: ‘அதிகாரம் கொடுத்தால் பறித்துக்கொண்டு விடுவார்களே?’ முதியோரின் உடைமையைச் சொந்தங்களே சுரண்டும் செய்திகளைப் படிக்கும் எவருக்கும் இந்த அச்சம் வரும். இதற்கு விடை அதிகாரத்தை மறுப்பதன்று, வரையறுப்பது. ஒரு கணக்குக்கு மட்டும் கொடுங்கள். குறுஞ்செய்தி அறிவிப்புகள் உங்கள் கைப்பேசிக்கே வரட்டும். பெரிய தொகைக்கு இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று எழுதுங்கள். நம்பிக்கை குலைந்தால் பத்திரத்தை எழுத்து மூலம் இரத்து செய்து, வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அதிகாரம் கொடுப்பது வேறு; உரிமையையே கொடுத்துவிடுவது வேறு. ‘பிறகு சிக்கல் வேண்டாம்’ என்று வாழும் வீட்டையே பிள்ளைகள் பெயருக்குத் தானமாக எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய தானத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாததாக அறிவிக்கக் கோர 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆயினும் தீர்ப்பாயத்தின் படியேறும் நிலையை வருவித்துக்கொள்வானேன்? உங்களுக்குப் பின் யாருக்கு என்பதை உயிலில் எழுதுங்கள்; இரு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும், பதிவு கட்டாயமில்லை. நியமனதாரர் பெயரே போதும் என்றும் எண்ண வேண்டாம். வைப்புத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் உரிமைதான் நியமனதாரருக்கு உண்டு, அதனாலேயே அவர் அதன் உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்தியுள்ளது.

இந்த மாதமே செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை பல. அடுத்த முறை கிளைக்கு வரும்போது உங்கள் கூட்டுக் கணக்கு எந்த முறையில் இயங்குகிறது என்று கேட்டு, கடவுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நியமனதாரர் இன்னும் உயிருடன் உள்ளவர்தானா என்று பாருங்கள்; திருமணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதியவர்கள் அதை அப்படியே விட்டிருப்பது மிகுதி. பீரோவிலுள்ள வெற்றுக் காசோலைகளைக் கிழித்துவிட்டு அதிகாரக் கடிதம் கொடுங்கள். கணக்குகள், வைப்புகள், பெட்டகம், காப்பீடு, கடன், ஓய்வூதியம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது இருக்குமிடத்தை இருவருக்குச் சொல்லுங்கள். இரகசிய எண்களை மட்டும் அதில் எழுத வேண்டாம். பத்திரங்களைத் தகுதியுள்ள வழக்கறிஞரைக் கொண்டே எழுதுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறையும், குடும்பத்தில் திருமணமோ இறப்போ நிகழும்போதும், எல்லாவற்றையும் மீண்டும் பாருங்கள்.

வங்கியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. கணக்குத் தொடங்க வருபவரிடம் நியமனதாரர் பெயரைக் கேட்கும் அதே வேளையில், ‘நீங்கள் நோயுற்றால் இந்தக் கணக்கை யார் கவனிப்பார்?’ என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்கும் வழக்கத்தை நாங்கள் மேற்கொள்ள வேண்டும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று நாங்கள் பணத்தை நிறுத்தும்போது வாடிக்கையாளர் குடும்பம் எங்களைக் கல்நெஞ்சர் என எண்ணுகிறது. அந்தக் கண்டிப்புதான் உங்கள் பணத்தைப் பிறர் கையில் போகாமல் காக்கிறது. அது உங்கள் சொந்தக் குடும்பத்தையே தடுத்து நிறுத்தும் நாள் வராமலிருக்க, இன்னார் எனக்காக வரலாம் என்று நீங்கள் தெளிவான மனத்துடன் எழுதித் தர வேண்டும். அந்தப் பெயரை உங்களைத் தவிர வேறு எவரும் எழுத இயலாது.